அம்மாவிடமிருந்து அடுப்பை வாங்குங்கள், அடுப்படியை வாங்காதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு, அல்சைமர் என்ற மறதி நோய் என்று மருத்துவர் சொன்னார். அப்பா இல்லை. நான் வேலைக்குப் போவதால் பகலில் நான்கு, ஐந்து மணி நேரம் அம்மா தனியாக இருக்கிறார். போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் வரும்போது பாத்திரம் கரிந்து வீடு முழுக்கப் புகை. கேட்டால், "நான் எங்கே பால் வெச்சேன்? நீதான் வெச்சிருப்பே" என்கிறார். அடுத்த வாரமே கரண்ட் கெட்டிலை எடுத்துக் கேஸ் அடுப்பின் மேல் வைத்துப் பற்றவைத்துவிட்டார். பிளாஸ்டிக் உருகி ஒழுகிவிட்டது. அன்றைக்கே அடுப்படிக் கதவைப் பூட்டினேன். மூன்று வாரமாக அம்மா அந்தக் கதவு முன்னாலேயே நிற்கிறார், தட்டுகிறார், அழுகிறார். "என் அடுப்படிக்குள்ள நான் போகக்கூடாதா?" என்று கேட்கிறார். சாப்பாடும் பாதியாகக் குறைந்துவிட்டது. பூட்டியது பூட்டியபடியே இருக்கட்டும் என்கிறான் அண்ணன். எனக்கு மனம் கேட்கவில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கெட்டில் உருகிய அன்று கதவைப் பூட்டினீர்கள். சரியாகத்தான் செய்தீர்கள். வேறு எதையும் யோசிக்க நேரமில்லாதபோது பூட்டுதான் கைக்குக் கிடைக்கும், அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் அது அந்த வாரத்துக்கான பூட்டு. மூன்று வாரமாகத் தொங்குகிறது என்றால் இறக்கும் நேரம் வந்துவிட்டது. அம்மாவிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியது நெருப்பை மட்டும்தான். அடுப்படி அவரிடமே இருக்கட்டும். இரண்டையும் பிரிக்க முடியும். கொஞ்சம் வேலை இருக்கிறது, ஆனால் முடியும்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நோய் வந்த பிறகும் குளிப்பது, உடுப்பது, சமைப்பது போன்ற அன்றாடக் காரியங்களை ஒருவர் எந்த அளவுக்குத் தானே செய்துகொள்ள முடியும் என்று பார்த்து, அதற்கு ஏற்பாடு செய்து தருவது என் வேலை. மறதி நோய் உள்ள வீடுகளுக்குப் போனால் நான் முதலில் போய் நிற்கும் இடம் அடுப்படி. ஒருவருடைய மூளை எங்கே தடுமாறுகிறது என்பது அங்கே தெரிவதுபோல வேறெங்கும் தெரியாது.

உங்கள் கடிதத்தில் அந்தக் கெட்டிலைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா என்ன செய்தார் என்று வரிசையாகப் பாருங்கள். தண்ணீர் சுட வேண்டும் என்று தோன்றியது. தண்ணீர் உள்ள பாத்திரத்தை எடுத்தார். அடுப்பில் வைத்தார். பற்றவைத்தார். ஐம்பது வருடமாகக் காலையில் எழுந்ததும் அவர் செய்தது இதையேதான், இதில் ஒரு படிகூடத் தவறவில்லை. கையில் இருப்பது அடுப்பில் வைக்கக்கூடாத பாத்திரம் என்ற ஒன்று மட்டும் விட்டுப்போனது. கெட்டில் அவர் வாழ்க்கையில் பிந்தி வந்த பொருள். அல்சைமர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது, புதிய நினைவுகளைப் பதித்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில். செய்து செய்து கைக்குப் பழகிப்போன வேலைகள் மூளையின் வேறு பகுதிகளில் தங்கியிருக்கின்றன. அவை நெடுநாள் நிற்கும்.

பால் கதையும் இப்படித்தான். பாலை வைத்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிடத்தில் திரும்பி வர வேண்டும் என்று மனதுக்குள் ஒரு மணியைக் கட்டிவிட்டு நகர்கிறோமே, அந்த மணிதான் சீக்கிரம் அறுந்து விழுகிறது. "நான் எங்கே பால் வெச்சேன்" என்று அம்மா கேட்டது பொய்யில்லை, சமாளிப்பும் இல்லை. பால் வைத்தது அவருக்குள் பதியவே இல்லை. பதியாத ஒன்றை நாம் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், யாரோ தன்மேல் பழி போடுவதாகத்தான் அவருக்குப் படும். அதனால் அந்தக் கரிந்த பாத்திரத்தைக் காட்டி இனிமேல் எதையும் நிரூபிக்க வேண்டாம். தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள், முடியாவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பல வீடுகளில் இதை யாரும் சொல்வதில்லை. அல்சைமரில் மோப்ப சக்தி ஆரம்பத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். சமையல் கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் போன்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். மூக்கு மங்கியவருக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேராது. தீய்ந்த வாடையும் தெரியாது, கெட்டுப்போன பாலின் வாடையும் தெரியாது. "இவ்வளவு புகை, எப்படித் தெரியாமல் படுத்திருந்தார்?" என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, நெருப்பு. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. அம்மா தனியாக இருக்கும் நேரத்தில் எரியக்கூடிய அடுப்பு வீட்டில் இருக்கக்கூடாது. "பார்த்து இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போவதும், "அடுப்பை அணைக்கவும்" என்று சீட்டு ஒட்டுவதும் இந்தக் கட்டத்துக்குப் போதாது. சீட்டைப் பார்க்க வேண்டும் என்பதே நினைவிருக்க வேண்டுமே.

எளிய வழி, கேஸ் வரும் பாதையை அடைப்பது. சிலிண்டர் என்றால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, சிலிண்டர் இருக்கும் அலமாரியைப் பூட்டலாம். அந்த அலமாரியில் கீழே காற்றுப் போக இடைவெளி இருக்க வேண்டும். குழாயில் வரும் கேஸ் என்றால் அடுப்புக்குப் பின்னால் தனி வால்வு இருக்கும். இல்லாவிட்டால் பயிற்சி பெற்ற ஆளைக் கூப்பிட்டு, கண்ணில் படாத இடத்தில் போடச் சொல்லுங்கள். அடுப்பின் குமிழைக் கழற்றி எடுத்துவிடுவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். குமிழ் இல்லாத அடுப்பு பார்த்ததும் உடைந்ததுபோல் தெரியும், காணாமல்போன குமிழைத் தேடியே பொழுது போய்விடும். இடுக்கியைக் கொண்டுவந்து திருகிப் பார்த்தவர்களும் உண்டு. வால்வை மூடினால் அடுப்பு எப்போதும்போலவே இருக்கும். திருகுவார், பற்றாது, கேஸ் தீர்ந்துபோச்சு போல என்று நகர்ந்துவிடுவார். தீப்பெட்டி, லைட்டர் இரண்டையும் அன்றைக்கே வீட்டின் வேறு பக்கத்தில் பூட்டி வையுங்கள்.

இதில் ஒரு ஆபத்து உண்டு, தயவுசெய்து மறக்க வேண்டாம். பகலில் அம்மா குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருப்பார். மாலையில் நீங்கள் வந்து வால்வைத் திறந்தீர்கள் என்றால் அந்தக் குமிழ் வழியாகக் கேஸ் சத்தமில்லாமல் வெளியே வரும். அதனால் வால்வில் கைவைக்கும் முன் ஒவ்வொரு குமிழாகத் தொட்டுப் பார்த்து மூடுங்கள். வீட்டில் வேறு யார் வால்வைத் திறந்தாலும் இதே பழக்கம் அவர்களுக்கும் வர வேண்டும்.

கேஸ் கசிவு அலாரம் வாங்கினால் எங்கே மாட்டுவது என்பது முக்கியம். சிலிண்டரில் வரும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும், ஆகவே அலாரம் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட இலேசானது, ஆகவே கூரைக்கு அருகில். தவறான உயரத்தில் மாட்டிய அலாரத்தை நம்பிப் படுப்பதைவிட அலாரம் இல்லாமலிருப்பதே மேல், எச்சரிக்கையாவது மிஞ்சும். அடுப்படிக்குள் புகை அலாரம் தாளிக்கும்போதெல்லாம் கத்தும், அங்கே வெப்பத்தை உணரும் அலாரம்தான் சரி. அப்புறம், அலாரம் அலறினால் அம்மா வெளியே ஓடிவருவார் என்று எண்ண வேண்டாம். அந்தச் சத்தம் எதற்கு என்று புரியாமல் பயந்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிடக்கூடும். உங்கள் போனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தகவல் வருகிற வகையாகப் பாருங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நீங்கள் சமைக்க, தாராளமாக வாங்கலாம். தீ இல்லை, பாத்திரத்தை எடுத்தால் தானே நின்றுவிடும், டைமர் உண்டு. ஆனால் பாத்திரத்தின் சூட்டில் அந்தக் கண்ணாடியும் சுடும், அது பார்த்தால் தெரியாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அம்மா தனியாகப் பயன்படுத்துவார் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். கெட்டிலே பிடிபடாமல் போனவருக்குத் தொட்டால் ஒளிரும் பொத்தான்கள் இன்னும் குழப்பம்தான். நோயின் தொடக்கத்திலேயே பக்கத்தில் இருந்து பழக்கியிருந்தால் ஒருவேளை பழகியிருப்பார். குறிப்பிட்ட நேரம் ஆனதும் கேஸை நிறுத்தும் டைமர் வால்வும் கிடைக்கிறது. நீங்கள் வீட்டில், அடுத்த அறையில் இருக்கும் நேரத்துக்கு அது நல்ல துணை. அம்மாவைத் தனியே விட்டுப் போக அதை நம்பாதீர்கள், அடுப்பின் ஓரம் கிடக்கும் துணி பற்றிக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

மைக்ரோவேவைப் பலர் பத்திரமானது என்று விட்டுவைக்கிறார்கள். அரை நிமிடத்துக்குப் பதில் முப்பது நிமிடம் அழுத்திவிட்டால் உள்ளே இருப்பது கருகித் தீப்பிடிக்கும். போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கேக் சுடும் ஓவன் இருந்தால், சூடேற்றும் முன் ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். மறதி நோய் உள்ளவர்கள் பொருள்களைப் பத்திரப்படுத்தும் இடங்களில் அதுவும் ஒன்று.

இனி நான் சொல்லப்போவது என் சொந்தத் தவறு. என் அம்மாவுக்கும் இந்த நோய் இருந்தது. இதே துறையில் பல வருடம் வேலை பார்த்திருந்தும், ஒரு மதியம் அவர் தூங்கும்போது குமிழ், கத்தி, தீப்பெட்டி, அவர் கையாளும் கரண்டி எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளி மறைத்துவைத்தேன். எழுந்து வந்தவர் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்தார், மூடினார், மறுபடி முதலிலிருந்து திறந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குள்ள யாரோ வந்து போயிருக்காங்க" என்றார். அன்று இரவு முழுக்க வாசல் கதவைப் போய்ப் போய் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதுகாப்புக்கு என்று நான் செய்தது, அவர் நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை அவருக்கே பயமான இடமாக ஆக்கிவிட்டது. ஆபத்தானதை எடுத்ததில் தவறில்லை. எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்காமல் விட்டேன், அந்தக் கரண்டியைக்கூட. அதுதான் தவறு. பூட்டிய கதவைத் தட்டும் உங்கள் அம்மாவைப் படித்தபோது எனக்கு அந்த இழுப்பறைச் சத்தம்தான் கேட்டது.

அதனால் எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று பார்ப்போம்.

சமையல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உள்ளே இருபது வேலை இருக்கிறது. கரோலின் பௌம், டோரதி எட்வர்ட்ஸ் என்ற இருவர் 1993ல் எங்கள் துறைக்கு ஒரு மதிப்பீட்டு முறையைத் தந்தார்கள். அல்சைமர் உள்ளவரை அடுப்படியில் ஒரு புட்டிங் செய்யச் சொல்லிவிட்டு ஆறு விஷயங்களைக் கவனிப்பார்கள்: தானாகத் தொடங்குகிறாரா, பொருள்களை எடுத்து ஒழுங்குபடுத்துகிறாரா, எல்லாப் படிகளையும் செய்கிறாரா, வரிசை மாறாமல் செய்கிறாரா, ஆபத்தை உணர்கிறாரா, முடிந்தது என்று அறிகிறாரா. நீங்களும் ஒரு நாள் பக்கத்தில் நின்று, வாய் திறக்காமல், அம்மா ஒரு கோப்பைத் தேநீர் போடுவதை இந்த ஆறு கண்களால் பாருங்கள். எல்லாமே போயிருக்காது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், ஆபத்தை உணர்வதும் முடிப்பதும்தான் உங்கள் அம்மாவுக்குப் போய்விட்டவை. அப்படியென்றால் தொடக்கத்தையும் முடிவையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, நடுவில் உள்ளதை அவரிடம் கொடுக்கலாம்.

ஒரு வீட்டில் பார்த்தது. எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, மகளின் பெயர் வராது, பகலா இரவா என்று தெரியாது. முன்னால் ஒரு தட்டில் பட்டாணிக்காயைக் கொட்டி, நானும் எதிரில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து உரித்தேன். அவர் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காயை எடுத்துத் தையலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சட்டென்று பிளந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. பேச்சு எங்கோ போய்க்கொண்டிருக்க, விரல் தன்பாட்டுக்கு வேலை செய்தது. நடுவில் ஒரு காயைப் பிளந்தவர், கீழே பார்க்காமலே அதைத் தனியே ஒதுக்கி வைத்தார். எடுத்துப் பார்த்தேன், உள்ளே புழு. முற்றியதையும் பிஞ்சையும் வேறு வேறாகப் பிரித்துக் குவித்திருந்தார், யாரும் சொல்லவில்லை. மகள் வாசற்படியில் நின்று அழுதார். அன்றைக்கு அந்தப் பாட்டி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உங்கள் அம்மாவின் கைக்கும் இப்படி ஏதாவது இருக்கும். பூண்டு உரிப்பது, மாவு பிசைவது, முட்டை அடிப்பது, காய் கழுவுவது, பாத்திரம் துடைப்பது, மேசையில் தட்டு வைப்பது. கண்டுபிடிக்க உங்களைவிடச் சிறந்த ஆள் கிடையாது, சின்ன வயதிலிருந்து பார்த்தவர் நீங்கள்தான்.

கொடுக்கும் விதம் கொஞ்சம் பழக வேண்டும். "இன்னிக்கு என்னம்மா சமைக்கலாம்?" என்று கேட்டால் அவர் திணறுவார். இரண்டு காயைக் கையில் எடுத்துக் காட்டி, "இதுவா, இதுவா?" என்று கேட்டால் சுட்டிக்காட்டுவார். தேவையானதை மட்டும் அவர் முன்னால் வையுங்கள், மீதியெல்லாம் கண்ணில் படாமல் இருக்கட்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். "கழுவி நறுக்கி அந்தக் கிண்ணத்துல போட்டு மூடி வைம்மா" என்பதில் நான்கு வேலை இருக்கிறது, அவருக்குக் கடைசி ஒன்றுதான் காதில் நிற்கும். சொல்வதைவிடச் செய்துகாட்டுவது நல்லது, செய்துகாட்டுவதைவிடப் பொருளைக் கையில் கொடுத்துத் தொடங்கிவைப்பது நல்லது. ரேடியோ, டிவியை அணைத்துவிடுங்கள். முன்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமானால் பலருக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும். அவர் நறுக்கியது பெரிதும் சிறிதுமாக இருந்தால் அப்படியே சமையுங்கள். அவர் கண்ணெதிரில் எடுத்துத் திரும்ப நறுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

உப்பு ஒரு தொல்லை. போட்டதை மறந்து மறுபடி போடுவார். "போட்டாச்சும்மா!" என்று நீங்கள் கத்துவீர்கள், அவர் முகம் வாடும். உப்பு டப்பாவை எடுத்துவிட்டு, அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் முடிந்தது. கிண்ணம் காலியானால் போட்டாயிற்று என்று அர்த்தம். ருசி பார்க்கும் கரண்டியை அவரிடம் கொடுங்கள். "சரியா இருக்கா சொல்லும்மா" என்று கேட்பதில், அந்த வீட்டின் சமையலுக்கு இன்னும் அவர்தான் பொறுப்பு என்பது இருக்கிறது.

கத்தியைக் கண்டுதான் குடும்பங்கள் அதிகம் பயப்படுகின்றன. அடுப்பை விட்டுவிட்டுக் கத்தியை ஒளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கத்தி பழகிய கை, பக்கத்தில் ஒருவர் இருந்தால், நெடுநாள் பத்திரமாகவே நறுக்கும். கைநடுக்கம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, கோபத்தில் பொருளை ஓங்குவது, எது தூரம் எது பக்கம் என்று பிடிபடாமல் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிடுங்கள். தனியாக இருக்கும் நேரத்தில் கத்தி பூட்டிய இழுப்பறையில்தான்.

அடுப்படியின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிச்சம் கூட வேண்டும். வழுக்கும் கால்மிதி வேண்டாம். கோப்பை, தட்டு, கரண்டி இருக்கும் அலமாரிக்குக் கதவைக் கழற்றிவிட்டால், தேடாமலே கண்ணில் படும். பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம், பூச்சி மருந்து எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும். பச்சையும் மஞ்சளுமாகப் பழரசம் போலவே இருக்கின்றன, குடித்தவர்கள் உண்டு. குழாயில் சுடுதண்ணீர் வருகிறதென்றால் ஹீட்டரின் வெப்பத்தை 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சுமார் 5 வினாடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும், 49 டிகிரியில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், கையை எடுக்க நேரம் கிடைக்கும். சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், ஐஸ் வேண்டாம்.

சாப்பாடு பாதியானதற்கு வருத்தம் ஒரு காரணம், சந்தேகமில்லை. சமைக்கும் சத்தமும், மூக்குக்கு எட்டுகிற அளவு வாடையும் பசியைக் கிளப்பும். கதவு மூடியதில் அதுவும் நின்றுபோனது. ஆனால் வேறு காரணங்களும் இருக்கலாம். பல்வலி, விழுங்கும்போது புரையேறுவது, மலச்சிக்கல், மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். வெள்ளைத் தட்டில் வெளிர்நிற உணவு வைத்தால் இந்த நோய் உள்ளவர்களுக்குப் பிரித்துத் தெரிவதில்லை. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு வெள்ளைக்குப் பதில் பளிச்சென்ற சிவப்புத் தட்டும் கோப்பையும் கொடுத்தபோது சாப்பிட்ட உணவு 25 சதவீதமும் குடித்தது 84 சதவீதமும் கூடியது. பளிச்சென்ற நீலமும் உதவியது, வெளிறிய சிவப்பு உதவவில்லை. ஆகவே நிறத்தைவிட, தட்டும் உணவும் வேறு வேறாகத் தெரிவதுதான் முக்கியம். உடனே செய்து பார்க்கக்கூடியது, நாளைக்கே மாற்றுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறார் என்றால் காத்திருக்கவே வேண்டாம், சாப்பாடு குறைந்திருப்பதை இன்றைக்கே சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜை ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்கள்தான் பார்க்க வேண்டும். உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த சமைத்த உணவைத் திரும்ப வைக்க வேண்டாம். கெட்டதை அம்மா முன்னால் கொட்டினால் சண்டை வரும், அவர் படுத்த பிறகு கொட்டுங்கள். மதியச் சாப்பாட்டை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் அது இருப்பதே தெரியாது. யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

இந்த "யாராவது" என்பதைத்தான் கடைசியாக உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும். அடுப்பை மூடிவிட்டால் தனியாக விடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். நோய் தெரிந்து இரண்டு வருடம் ஆனவர், கெட்டிலை அடுப்பில் வைத்தவர், ஐந்து மணி நேரம் தனியாக இருப்பது இனி சரிவராது. "தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "வெளியே ஓடுவேன்" என்று அம்மா சரியாகவே பதில் சொல்வார். சொல்வது வேறு, அந்த நிமிடத்தில் கால் நகர்வது வேறு. உறவிலோ அக்கம்பக்கத்திலோ சம்பளத்துக்கோ, முதலில் மதியம் இரண்டு மணி நேரத்துக்காவது ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், பிறகு கூட்டிக்கொண்டே போங்கள். பகல்நேரப் பராமரிப்பு மையம் கிடைத்தால் அதையும் பாருங்கள். பூட்டு இருக்கட்டும் என்று சொல்லும் அண்ணனிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். அவரும் அம்மாவை நினைத்துத்தான் சொல்கிறார். ஆள் தேடுவதும் அதற்கான செலவும் அவர் பங்காக இருக்கட்டும்.

இந்தக் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடினால் நோய் முற்றிவிட்டது என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை எல்லாமே அப்படிச் செய்யும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு.

வரும் விடுமுறை நாளில் தொடங்குங்கள். காலையில் வால்வை மூடுங்கள், குமிழ்களைப் பாருங்கள், திரவங்களை எடுத்துப் பூட்டுங்கள். அதன் பிறகு கதவைத் திறந்து, உள்ளே இரண்டு நாற்காலி போட்டு, ஒரு தட்டு நிறையப் பட்டாணிக்காய் வைத்துவிட்டு, "அம்மா, எனக்குக் கை ஓயலை, இதைக் கொஞ்சம் உரிச்சுக் குடும்மா" என்று கூப்பிடுங்கள். முதல் நாள் அவர் உட்கார மாட்டார். நேரே அடுப்பிடம் போவார், குமிழைத் திருகிப் பார்ப்பார். பார்க்கட்டும், பற்றாது. நீங்கள் எழுந்திருக்காமல் அடுத்த காயை எடுத்து உரித்துக்கொண்டிருங்கள்.